ஹேசல் ஊதிய மூச்சு

ஹேசல் கிரிம்ஷா தன் ஆயுளில் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. அதைக் கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் கரண்டி பிடித்தவள். காரட்டைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்துவிட்டுக் காலித் தட்டை நீட்டுகிற பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். பொய் சொல்கிறவர்களுக்குக் காது மடல் சிவக்கும் என்பது அவள் கட்சி. பாதி நாள் அது சரியாகவும் இருந்தது. அதனாலேயே மீதி நாளும் தான் சொல்வதே சரி என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் டெஸ் நகரப் பேருந்து ஓட்டியவன். பதினைந்து வயதில் பிடித்த புகையை அறுபத்தாறு வயதுவரை விடாதவன். தாளில் புகையிலையை வைத்துத் தானே உருட்டிக்கொள்வான். ஓய்வு பெற்றதும் இருவரும் வரிசை வீட்டை விற்றுவிட்டுக் கால்வாயில் ஒரு படகு வாங்கிக் குடியேறினார்கள். ஐம்பத்தேழு அடி நீளம், ஏழடி அகலம். கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகலாம் என்றால் அதில் அடுத்த அறையே கிடையாது.

படகில் ஏறிய முதல் நாளே ஹேசல் சட்டம் போட்டுவிட்டாள். மழையோ பனியோ, பக்கக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டுதான் புகைக்க வேண்டும். எட்டு வருஷமாக அந்தக் கதவு ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்தது. நிலக்கரி அடுப்பின் சூடெல்லாம் அந்த வழியாகக் கால்வாய்க்குப் போயிற்று. ஹேசல் இரண்டு கம்பளிச் சட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு அவனைத் திட்டித் தீர்த்தாள்.

போன இலையுதிர் காலத்தில் டெஸ்ஸுக்கு நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. பாலம்வரைகூடப் போக முடியவில்லை. ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்றார் மருத்துவர்.

"நான் ஒரு பக்கம் சரிபண்ணுவேன், நீங்க புகையை இழுத்து மறுபக்கம் அடைப்பீங்க. அப்புறம் காலையே எடுக்கவேண்டி வரும். முதல்ல அதை விட்டுட்டு வாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

விடுவதில் டெஸ்ஸுக்கு ஏற்கெனவே இரண்டு முறை அனுபவம் உண்டு. முதல் முறை புகை ஆசையை அடக்கும் நிகோட்டின் பட்டையைக் கையில் ஒட்டிக்கொண்டே புகைத்தான். நிலக்கரி மூட்டைக்குள் புகையிலைப் பொட்டலம் அகப்பட்டது. இரண்டாம் முறை படகு இயந்திரத்துக்குப் பின்னால். இரண்டு முறையும், "சத்தியமா தொடலை ஹேசல்" என்று கண்ணைப் பார்த்துச் சொன்னவன்தான். புகைத்ததைவிட அந்தச் சத்தியம்தான் அவளுக்கு எரிந்தது.

அதனால் இந்தத் தடவை அவள் கத்தவில்லை. தேநீரை அவன் முன்னால் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "முடியலைன்னா முடியலைன்னு சொல்லு, கூட இருக்கேன். ஆனா மூணாவது தடவை பொய் சொன்னே, சண்டையே போடமாட்டேன். மோர்க்கம்புக்குப் பஸ் ஏறி லோர்னா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

லோர்னா அவள் தங்கை. டெஸ் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் தேநீரைக் குடித்தான்.

நூலகத்தின் மாடியில் வியாழக்கிழமைதோறும் புகையை நிறுத்த உதவும் முகாம் நடக்கும். ஷாஸியா என்கிற பெண் அங்கே ஆலோசகர். சிகரெட்டுக்குப் பதிலாக, நெருப்பில்லாமல் நிகோட்டின் ஆவியை இழுக்கும் வேப் பிடிக்கச் சொல்லி ஒரு கருவியையும், அதில் ஊற்றும் திரவத்தையும் அவளே இலவசமாகக் கொடுத்தாள். அவள் மேசையில் ஒரு சின்ன ஊதுகருவி இருந்தது. மூச்சைப் பதினைந்து விநாடி அடக்கி அதில் ஊதினால், உடம்பில் ஏறியிருக்கும் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று எண் காட்டும். சிகரெட் புகைப்பவர்களுக்கு அது எகிறும். வேப் பிடித்தால் ஏறாது. முதல் நாள் டெஸ் ஊதியபோது முப்பத்தொன்று.

"பத்துக்குக் கீழ வரணும். இதுகிட்ட யாரும் பொய் சொல்ல முடியாது" என்றாள் ஷாஸியா.

ஹேசலுக்கு அந்தக் கருவியை அங்கேயே பிடித்துப்போயிற்று. முப்பத்தோரு வருஷம் தனக்கு இப்படியொன்று இல்லாமல் போயிற்றே என்று நினைத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஒரு மனைவி இதற்குமேல் என்ன செய்ய முடியும்? வேப்புக்குத் திரவம் ஊற்றுவது அவள். மின்னேற்றுவது அவள். டெஸ்ஸின் பெரிய விரல்களுக்கு அந்தச் சின்ன மூடி அகப்படவில்லை. சாப்பாடு முடிந்ததும் அவனுக்குக் கை பரபரக்கும். உடனே சீட்டுக்கட்டை எடுத்துப் போடுவாள். வேண்டுமென்றே தோற்பாள். கஸ்டர்ட் வாசனைத் திரவம்தான் அவனுக்குப் பிடித்தது. படகு முழுக்கப் பள்ளிக்கூடச் சமையலறை மாதிரி மணத்தது.

"ஓய்வு வாங்கியும் எனக்கு விமோசனம் இல்லையே" என்றாள்.

"ஊதறவன் நான், மணக்கறது உனக்கு. இலவச இனிப்புன்னு நினைச்சுக்கோ" என்றான் டெஸ்.

இரண்டு வாரம் கழித்து ஊதியபோது எண் ஐந்து. ஹேசல் ஷாஸியாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் சந்தையில் நல்ல ஆட்டிறைச்சி வாங்கி, மேலே உருளைக்கிழங்கு மசித்துப் போட்டு வேகவைத்துக் கொடுத்தாள்.

ஜனவரியில் குளிர் இறங்கியது. கால்வாய் உறைந்து படகைச் சுற்றிப் பனிக்கட்டி கெட்டித்தது. டெஸ் வழக்கப்படி பக்கக் கதவைத் திறந்து தலையை நீட்டப் போனான்.

"அட, அதை மூடுய்யா! இப்ப வர்றது வெறும் ஆவிதானே? உள்ளேயே உக்காந்து ஊது. எட்டு வருஷம் குளிர்ல நடுங்கினது போதும்" என்றாள் ஹேசல்.

கதவை மூடினாள். அதோடு நின்றாளா? படகின் கூரையில் காற்று வந்து போவதற்கென்று ஐந்து பித்தளைத் துளைகள் உண்டு. ஸ்டூலில் ஏறி ஐந்திலும் டெஸ்ஸின் பழைய காலுறைகளைத் திணித்தாள். குளிர்காலத்தில் படகுக்காரர்களில் பாதிப்பேர் ரகசியமாகச் செய்கிற காரியம்தான். கேட்டால் ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நச்சுவாயு வந்தால் அலறுகிற அபாய மணி ஒன்று சுவரில் இருந்தது. அதன் ஆயுள் முடிந்து, நிமிஷத்துக்கு ஒரு தரம் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே அதைக் கழற்றித் துண்டில் சுற்றி இழுப்பறையில் போட்டிருந்தாள். புதிது வாங்க வேண்டும் என்று இருவரும் தினமும் சொல்லிக்கொண்டார்கள். அம்மாடி, என்ன கதகதப்பு! அவள் ஒரு கம்பளிச் சட்டையைக் கழற்றியே வைத்துவிட்டாள்.

நாலைந்து நாளில் டெஸ் எரிந்து விழ ஆரம்பித்தான். காலையில் எழுந்தால் தலைவலி, மயக்கம், சாப்பாடு இறங்கவில்லை. புகையை விடுகிறவர்களுக்கு இப்படியெல்லாம் வரும் என்று ஷாஸியா கொடுத்த தாளில் போட்டிருந்தது. ஹேசலுக்கும் தலை வலித்தது. கஸ்டர்ட் வாசனைதான் காரணம் என்று அவள் முடிவு கட்டினாள்.

டெஸ் அடிக்கடி பக்கத்துப் படகுக்குப் போகத் தொடங்கினான். அங்கே ஸ்டூவர்ட் என்பவன் தனியாக இருந்தான், புகையிலையை விடாமல் உருட்டுகிறவன். போய்விட்டு வரும்போது டெஸ்ஸின் முகம் தெளிந்திருக்கும், தலைவலி போயிருக்கும், கோட்டில் புகை நாறும். ஹேசலுக்கு வேறென்ன வேண்டும்?

"அங்க என்ன பண்றே?"

"சும்மா பேசிட்டிருந்தேன். அங்க போனா தலை லேசாயிடுது, ஏன்னே தெரியலை."

"எனக்குத் தெரியும்."

"ஹேசல், கண்ணு, சத்தியமா தொடலை."

அந்தச் சத்தியத்தைக் கேட்டதும் அவள் அவன் காதைத்தான் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் காது மடல்கள் இரண்டும் சிவந்திருந்தன. அவன் வெளியே போன நேரமாகப் பார்த்து நிலக்கரி மூட்டையைக் கொட்டித் தேடினாள். இயந்திரத்துக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. ஒளிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான் என்றுதான் அதற்கும் அர்த்தம் சொன்னாள்.

வியாழன் வந்தது. நூலகத்துப் படியில் ஏறுகையில், "பத்துக்கு மேல போச்சுன்னா நான் படகுக்கு வரலை. பதினொண்ணே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள்.

"அஞ்சுதான் வரும்" என்றான் டெஸ். கெண்டைக்கால் வலியில் ஒவ்வொரு படியாக ஏறினான்.

மூச்சை அடக்கி ஊதினான். இருபத்திரண்டு.

டெஸ்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. "இல்ல. இது தப்பு" என்றான். மறுபடி ஊதினான். மறுபடியும் இருபத்திரண்டு.

ஷாஸியா நாற்காலியை முன்னால் இழுத்தாள். "பரவால்ல டெஸ், இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா சிகரெட்டைத் தவிர வேற காரணமும் இருக்கலாம். நான் சில கேள்வி..."

"ஒரு கேள்வியும் வேணாம்!" ஹேசல் எழுந்துவிட்டாள். "ராத்திரி பகலா இந்த மனுஷனுக்குத் திரவம் ஊத்தினேன். சீட்டுல வேணும்னே தோத்தேன். எங்கிட்ட உக்காந்து சத்தியம் பண்ணிட்டு, அந்த ஸ்டூவர்ட் படகுல போய் ஊதிட்டு வந்திருக்கான். உன் காலு உனக்கு முக்கியமில்லையா டெஸ்? நானும் முக்கியமில்லையா?"

"நான் தொடலை ஹேசல்."

"கருவி பொய் சொல்லுதாக்கும்?"

"தெரியலை. நான் தொடலை."

"கொண்டா இங்க." ஷாஸியா தடுப்பதற்குள் ஹேசல் கருவியை எடுத்தாள். "புது ஊதுகுழல் ஒண்ணு மாட்டு. சுத்தமான நுரையீரல்ல என்ன எண் வரும்னு இவன் கண்ணால பார்க்கட்டும்."

ஷாஸியா மாட்டிக் கொடுத்தாள். ஹேசல் பதினைந்து விநாடி மூச்சை அடக்கினாள், கண்ணை டெஸ்மேல் வைத்துக்கொண்டே. பிறகு நீளமாக ஊதினாள்.

முப்பத்துநாலு.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். ஹேசல் கருவியைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தாள்.

"ஹேசல், படகுல குளிருக்கு என்ன போடறீங்க?" ஷாஸியாவின் குரல் மாறியிருந்தது.

"நிலக்கரி அடுப்பு."

"காத்து வர வழி?"

ஹேசல் கதவின் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, "நான் அடைச்சிட்டேன்" என்றாள். "அஞ்சையும்."

ஷாஸியா அதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டாள். தீயணைப்புக்காரர்கள் படகுக்குப் போனார்கள். இவர்கள் இருவரையும் ஆம்புலன்ஸ் ஏற்றிப் போனது. அடுப்புக் கதவின் ஓரத்தில் வாயு வெளியேறாமல் அடைக்கச் சுற்றியிருந்த கயிறு எப்போதோ தேய்ந்துபோய், அந்த இடுக்கு வழியாக அதே கார்பன் மோனாக்சைடு கசிந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ தெரியாது. டெஸ் புகைக்கத் திறந்த பக்கக் கதவு அதையும் சேர்த்து வெளியே அனுப்பியிருக்கிறது. டெஸ்ஸாவது அவ்வப்போது வெளியே போனான், ஸ்டூவர்ட் படகில் ஒழுங்கான காற்றைச் சுவாசித்தான். அடுப்படியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவள் ஹேசல். இன்னும் நாலு நாள் போயிருந்தால் ஒருநாள் காலையில் இருவருமே எழுந்திருக்கமாட்டீர்கள் என்று தீயணைப்பு அதிகாரி தொலைபேசியில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் படுக்கவைத்து ஆக்சிஜன் மாட்டினார்கள். நெடுநேரம் ஹேசலால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. பிறகு முகமூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.

"டெஸ், நீ உண்மையைத்தான் சொல்லிட்டிருந்தே."

"ஆமா."

"நான் உன்னைப் பொய்யன்னேன். வேத்து மனுஷி முன்னாடி வேற. நீ தலைவலின்னு துடிச்சப்போ, நான் நிலக்கரி மூட்டையைக் கொட்டித் தேடிட்டிருந்தேன். உன்னைக் காப்பாத்தறேன்னு நினைச்சுக் கொல்லப் பார்த்திருக்கேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

டெஸ் தன் முகமூடியைத் தூக்கினான். "அம்பது வருஷமா சிகரெட்டு முயற்சி பண்ணி முடியாததைப் பத்தே நாள்ல முடிக்கப் பார்த்தியே, கெட்டிக்காரி."

"சும்மா இரு."

"அதுவும் என் காலுறையை வச்சே."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நர்ஸ் வந்து இருவரையும் அதட்டி முகமூடியை இறக்கிவிட்டாள். டெஸ்ஸுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை நீளம் இடைவெளி இருந்தது. ஹேசல் கையை நீட்டினாள். அவன் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. அவள் நம்பாதது அவனுக்கும் வலித்திருந்தது. சிரிப்பில் எல்லாம் போய்விடுமா என்ன? கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் ஓர் இளம் டாக்டர் படிவத்தோடு டெஸ்ஸின் கட்டிலுக்கு வந்தார். பெயர், வயது, என்னென்ன மாத்திரை என்று கேட்டு எழுதினார். "புகை பிடிப்பீங்களா?"

ஐம்பது வருஷமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். டெஸ் சட்டென்று சொல்லத் தெரியாமல் ஹேசலைப் பார்த்தான், அவள் என்ன சொல்வாளோ என்று.

ஹேசல் முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "இல்ல டாக்டர், அவர் பிடிக்கறதில்ல. அவர் சொன்னா நம்பலாம்" என்றாள்.

டாக்டர் இல்லை என்று எழுதிக்கொண்டார்.