என் நீர்க்கட்டிக்கு மெலிந்தவர்

சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் தெரிந்ததும், மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கைக் குறைத்து தினமும் நடக்கச் சொன்னார் மருத்துவர். நான் மரச்சீனியை அடியோடு நிறுத்தினேன். துணைக்கு என் கணவரும் நிறுத்தினார். என்னோடு பனச்சமூடு வரை நடந்தார். சில மாதங்களில் அவருடைய தொப்பை கரைந்தது. என் எடை அசையவில்லை.

மாமியார் என்னைத் தனியே அழைத்தார். “மக்கா, நீ அவனுக்கு ஒண்ணும் குடுக்கியது இல்லியா? எலும்பும் தோலுமா ஆயிட்டான்.”

நோய் எனக்கு, குணமானது அவருக்கா என்று எரிச்சலாக வந்தது.

ஆனால் பல மாதம் தலைகாட்டாமல் இழுத்தடித்த மாதவிடாய், இரண்டாவது மாதமாக நாள் தவறாமல் வந்தது. எடை குறையாவிட்டாலும் இது சீராகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அடுக்களையில் கணவரிடம் மெல்லச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அப்ப இன்னைக்கு மரச்சீனி உண்டா?”

“எனக்கு ஒரு துண்டு,” என்றேன். “மிச்சம் அந்த எலும்புக்கும் தோலுக்கும்.”