முன்னறிவிப்புக்காரர்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தால் அது பக்கத்து வீட்டுக்காரர்தான். கதவைத் திறந்தால், தலையைப் படிய வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு நிற்பார். "ஏழு மணிக்குப் புல்லு வெட்டற மெஷினை ஓட்டப் போறேங்க. சத்தம் வரும். திடீர்னு தூக்கம் கெட்டுடக் கூடாதேன்னு முன்னாடியே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." ஏழு மணிக்குக் கெடப்போகும் தூக்கத்தை ஆறு மணிக்கே வந்து கெடுத்துவிட்டு, அதையும் இவ்வளவு பணிவாகச் சொல்லும் மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? "ஓட்டுங்க" என்பேன். அத்தோடு விடமாட்டார். "மனசாரத்தானே சொல்றீங்க? சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லலியே?" என்று என் முகத்தை உற்றுப் பார்த்து, இன்னொரு முறை பதில் வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவார்.

தெருவில் அவருக்கு முன்னறிவிப்புக்காரர் என்று பெயர். வைத்தது நான்தான். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மூன்று வீடு ஏறி இறங்கிச் சொல்லிவிட்டு வருவார். "இவருக்குத் தும்மல் வந்தாக்கூட சொல்லிட்டுத்தான் தும்முவாரு" என்பார் அவருடைய மனைவி. அதைக் கேட்டு அவரும் சேர்ந்து சிரிப்பார், ஆனால் பழக்கத்தை விடமாட்டார்.

லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்து நான்கு. வாரத்தில் ஐந்து நாள் உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் கிரீசும் கையுமாக நிற்பவர். ஞாயிற்றுக்கிழமை எங்காவது யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள், இவரைக் கூப்பிடுவார்கள். அவருக்கென்று மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடும் அளவுக்கு ஒரு புல்தரை, ஒரு கொட்டகை, அதற்குள் பழைய பெட்ரோல் மெஷின். கயிற்றை இழுத்தால் முதலில் இருமும், அப்புறம் கத்தும். கொட்டகையிலிருந்து சரளைக்கல் பாதையில் உருட்டி வரும்போதே சக்கரங்கள் கடகடவென்று பாதித் தெருவை எழுப்பிவிடும்.

அவருக்கு அந்தப்புறம் உள்ள வீட்டில் ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு நர்ஸ் குடிவந்தாள். சின்ன வயசுப் பெண், தனியாக இருக்கிறாள். குழந்தைகள் வார்டில் இரவு வேலை. காலை ஆறரைக்கு வீடு திரும்புவாள். சனிக்கிழமைகளில் அவளை வாசலிலேயே மறித்து, "ஓட்டலாமாம்மா?" என்று கேட்பார். "ஓட்டுங்கண்ணா" என்பாள். "நெஜமாத்தானே?" "நெஜமாத்தாண்ணா." நாலு மாதம் இப்படியே போயிற்று.

ஒரு சனிக்கிழமை அவர் கேட்டபோது அவள் வழக்கம்போல் 'ஓட்டுங்கண்ணா' என்னாமல் வேலியருகே வந்து நின்றாள். நான் இந்தப்புறம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். காதில் விழுவதைக் கேட்கக் கூடாதென்று ஒன்றும் இல்லையே, கேட்டேன்.

"அண்ணா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போன சனிக்கிழமை ராத்திரி ஒரு குழந்தைக்கு மருந்து அளக்கும்போது கண்ணு சொருகிடுச்சு. ரெண்டு பங்கு ஊத்திட்டேன். கூட இருந்த அக்கா பாத்துக் கையைப் புடிச்சாங்க. காலைல தூங்கலைன்னா ராத்திரி என்னால நிக்க முடியலண்ணா."

"அப்புறம் ஏம்மா இத்தனை நாளா ஓட்டுங்கன்னு சொன்னே?"

"நீங்க அவ்வளவு மரியாதையா வந்து கேக்கறீங்க. எப்படிண்ணா வேண்டாம்னு சொல்றது?"

அவர் இடது கையை வேலிக்கு மேல் நீட்டிக் காட்டினார். அதில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடையாது. எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், எப்படிப் போயிற்று என்று நான் கேட்டதில்லை.

"எங்க வேலைல, லிஃப்டை நகர்த்தறதுக்கு முன்னாடி மேல நிக்கறவன் 'ஓட்டவா'ன்னு கேக்கணும். குழிக்குள்ள இருக்கறவன் 'ஓட்டு'ன்னு சொல்லணும். அன்னிக்கு மேல நின்னவன் ஒழுங்காத்தான் கேட்டான். அவனைக் காக்க வைக்க வேண்டாமேன்னு நான்தான் ஓட்டுன்னுட்டேன். கை இன்னும் ரோப்புலயே இருந்துச்சு." விரல்களை மடக்கிக்கொண்டார். "அவன் மேல தப்பே இல்லம்மா. அவன் கேட்டுட்டுத்தான் ஓட்டினான். இன்னிவரைக்கும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறான். என்னையும் அப்படி ஆக்கிடாதே."

பட்டப்பெயர் வைத்த பெருமையை அன்றோடு மூட்டை கட்டிவிட்டேன்.

இருவரும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அவள் எழுந்து குளித்ததும் ஈரத்துண்டைப் பின்கட்டுக் கொடியில் போடுவாள். துண்டு கொடிக்கு வரும் வரை மெஷின் கொட்டகையைவிட்டு வராது. அவள் எழ மதியம் ஒரு மணி ஆகும், இரண்டும் ஆகும். உச்சி வெயிலில் தொப்பியும் வியர்வையுமாக அவர் புல் வெட்டுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. "ஊர் உலகத்துல யாராவது இந்த நேரத்துல புல்லு வெட்டுவாங்களா?" என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டே தண்ணீர்ச் சொம்பைக் கொண்டு வந்து வைப்பார். என் காலைத் தூக்கம் தப்பித்தது. மதியத் தூக்கம் மாட்டிக்கொண்டது, ஏனென்றால் மெஷினை எடுப்பதற்கு முன்பு என் வீட்டு மணியை அடிக்கும் வழக்கத்தை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

சென்ற சனிக்கிழமை. இரண்டு வாரம் விடாமல் மழை பெய்து புல் முழங்காலைத் தொட்டுவிட்டது. அன்றும் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்குள் முடிக்கவேண்டும் என்று அவர் முந்தின நாள் மாலையே மெஷினைப் புல்தரையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். காலையில், அவள் உள்ளே தூங்குகிறாள் என்ற நினைப்பில், வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மேகத்தைப் பார்ப்பதும் கொடியைப் பார்ப்பதுமாக இருந்தார். அன்று பார்த்து ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்கு மாற்று ஆள் வரவில்லை போலிருக்கிறது, ஒன்பது மணிக்குத்தான் வந்தாள். சீருடையோடு வேலி ஓரம் ஒரு நிமிடம் நின்று, அவரையும் புல்லையும் வானத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தே நிமிடத்தில் கொடியில் துண்டு விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அப்பாடா, புல்லுக்கு விடிவு வந்தது என்று சமையலறை ஜன்னலில் இருந்து நான் நினைத்தேன். அவரும் எழுந்து மெஷினின் கயிற்றைப் பிடித்தார். பிடித்தவர் இழுக்கவில்லை. விட்டுவிட்டு வேலிக்குப் போனார். எட்டி, துண்டின் ஓரத்தை மூன்று விரலால் தடவிப் பார்த்தார். அலமாரியிலிருந்து எடுத்த மடிப்பு அப்படியே இருந்தது எனக்கே தெரிந்தது.

முதல் தூறல் விழுந்தது. அவர் மெஷினிடம் திரும்பி வந்தார். கைப்பிடியைப் பிடித்து உருட்டப்போனவர், சரளைக்கல் பாதையைப் பார்த்து நின்றார். பிறகு குனிந்து, அந்தக் கனத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, புல்லில் கால் வைத்து, ஒவ்வோர் அடியாகக் கொட்டகைக்கு நடந்தார்.