பெயர் சொல்லக் கூடாத இடம்

மலைநகரான ரியோபாம்பாவின் சந்தையில் சோய்லாவுக்குப் பயப்படாத ஆளில்லை. முழுப் பன்றியைச் சுட்டுப் பலகையில் கிடத்தி, கையாலேயே பிய்த்துக் கொடுப்பாள். கறி குறைகிறது என்று யாராவது முணுமுணுத்தால், "அப்ப உன் வீட்டுப் பன்னியச் சுட்டுத் தின்னு, மகராசி" என்பாள். அப்படிப்பட்டவளுக்கு, மேலே மரம் முளைக்காத உயரத்தில் கிடக்கும் பாராமோ புல்வெளி என்றால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அவள் பிறந்த ஊர்க்காரர்கள் மாடு மேய்க்க அங்கே போனால் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். ஏய், இந்தா, கிழவா என்று எதையும் சொல்லலாம், பெயரைத் தவிர. மலை அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுமாம். பிறகு தெரிந்த குரலில் கூப்பிடுமாம். பதில் கொடுத்தவன் பனிமூட்டத்துக்குள் நடந்து போய்விடுவான். அவளுடைய சின்ன மாமா அப்படித்தான் போனார் என்பார்கள். குடித்துவிட்டுப் போனார் என்றும் சொல்வார்கள். சோய்லா முதலாவதைத்தான் நம்பினாள்.

அவள் கணவன் அனிபால் நகரப் பேருந்து ஓட்டியவன். கல்யாணமான நாளிலிருந்து இதைச் சொல்லியே அவளைச் சீண்டிக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம், கூடாரத்தில் தங்கி, அந்தப் புல்வெளி வழியே மலை ஏரி வரை நடக்கும் பயணத்துக்குப் பணம் கட்டியதுதான்.

"உனக்கும் சேத்துப் பேர் குடுத்துட்டேன், கிழவி."

"என் பேர மலைக்கா குடுத்த? புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு?"

"மலைக்கில்லடி, ஆபீசுல இருந்த பொண்ணுக்கு. வரலன்னா சொல்லு, என் பழைய கண்டக்டரக் கூட்டிட்டுப் போறேன். அவனுக்குக் குறட்டையாவது கம்மி."

அவன் தனியாகப் போனால் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பங்காகப் பயப்பட வேண்டும். அதனால்தான் கிளம்பினாள்.

பயணக் குழுவுக்கு முன்னால் வழிகாட்டி ஃபாஸ்தோ நடந்தான். மஞ்சள் புல் இடுப்பளவு நின்றது. சோய்லா பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அனிபாலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் தொலைஞ்சு போனா என்னன்னு கூப்பிடுவ?"

"கிழவான்னுதான்."

"வந்தவங்கள்ல பாதி கிழவனுங்கதான். பேரச் சொல்லுவியா, மாட்டியா?"

"நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்."

அவன் சிரித்தான். புல்வெளி தொடங்கியதிலிருந்து அவனும் அவள் பெயரைச் சொல்லவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

ஏரிக்கரையில் சாப்பிட்டு முடித்ததும், அனிபால் சிறுநீர் கழிக்கப் பாறைக்கு அந்தப் பக்கம் போனான். அந்தச் சமயம் பார்த்துப் பனிமூட்டம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. ஃபாஸ்தோ விசில் ஊதினான், "டிரைவரண்ணே, டிரைவரண்ணே" என்று கத்தினான். பதிலில்லை.

"அவர் பேரு என்னம்மா? சொந்தப் பேரக் கேட்டா மயங்கிக் கெடக்குறவனும் தலையத் தூக்குவான்."

சோய்லா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிழவா, கிழவா என்று அவளும் கூப்பிட்டுப் பார்த்தாள். காற்று அதைத் தின்றுவிட்டது. குளிர் ஏற ஏற, இந்தக் குளிரில் அவன் ராத்திரியைத் தாங்கமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. மலைக்கு ஒரு பெயர் வேண்டுமென்றால் என் பெயரை எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். ஆனால் கூப்பிட வேண்டியது அவனுடையதை அல்லவா? பாறையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"அனிபால்."

ஒரு முறை திறந்த வாய் பிறகு மூடவில்லை. இருட்டும் வரை கூப்பிட்டாள். கடைசியில் தொண்டை கிழிந்து, வெறும் காற்றுதான் வந்தது.

விடிந்ததும் தேடிப் போனவர்கள் அவனை ஓர் ஓடைப் பள்ளத்தில் கண்டெடுத்தார்கள். வலது கால் ஒடிந்திருந்தது. பாதம் பனியில் கறுத்துப்போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆயுளெல்லாம் பிரேக் மிதித்த கால்.

அறுவைக்குக் கூட்டிப் போகுமுன் அவன் அவளைக் கிட்டே வரச் சொன்னான்.

"உன் குரல் கேட்டுச்சு. ரொம்பப் பக்கத்துல. பாறைக்கு அந்தப் பக்கந்தான்."

சோய்லா குனிந்தாள். "அப்ப ஏன் பதில் குடுக்கல?"

"பேரச் சொல்லிக் கூப்புட்டுச்சே. நீதான் செத்தாலும் சொல்ல மாட்டியே." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் குரல்ல வேற ஏதோ கூப்புடுதுன்னு நெனச்சு எதிர்ப் பக்கமா ஓடினேன். அப்பத்தான் விழுந்தேன்."

இத்தனை வருஷமும் கேலி பேசிய வாய் அது. சந்தையில் வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவள் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். இப்போது அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"அது நீ இல்லதானே, சோய்லா?"

கண்ணில் நீர் முட்ட, பதிலுக்காகக் காத்திருந்தான். அவனைக் கூட்டிப் போகும் தள்ளுவண்டி வாசலுக்கு வந்துவிட்டிருந்தது.

"நான் கூப்பிடவே இல்ல," என்றாள். குரல் கரகரத்து, பாதிதான் வெளியே வந்தது.

"தொண்டைக்கு என்னாச்சு?"

"குளிரு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நல்லவேள, நான் வாயத் தொறக்கல," என்றான்.

சோய்லா ஆமாம் என்று தலையாட்டினாள்.