மூசைக்குப் போன டச்சுக் காசு

அன்று காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. கல்யாண மாப்பிள்ளையான என் மகன். பெண்ணைக் கொடுக்கிற சம்பந்தி. மனைவியின் தம்பி. தங்கம் உருக்க வந்த ஆசாரி.

தாலிக்குப் பொன் உருக்குவது எங்களில் மாப்பிள்ளை வீட்டு வேலை. நல்ல நேரம் பார்த்து ஆசாரி வீட்டுக்கே வருவார். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நடுவில் ஒரு தங்கக் காசு. எல்லாரும் பார்க்க உருக்குவார். தட்டில் வைத்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது. எடுத்தால் சகுனம் சரியில்லை என்பார்கள்.

அதற்கென்று அரைப் பவுனில் லட்சுமி காசு வாங்கி பீரோவில் வைத்திருந்தோம். தட்டில் அது இல்லை. என் டச்சுக் காசு இருந்தது.

எனக்கு சிம்மக்கல்லில் பழைய பித்தளைப் பாத்திரக் கடை. படிப்பு எட்டாவதோடு சரி. டச்சுக்காரன் தூத்துக்குடியில் வியாபாரம் பண்ணினான் என்பதே இந்தக் காசுகளால்தான் தெரியும். பழைய காசுமாலையை அழித்துப் புது நகை செய்ய ஆசாரியிடம் கொடுப்பார்கள். ஒருநாள் அவர் பட்டறைக்குப் போயிருந்தேன். பொன் உருக்கும் மூசையில் போட எடுத்து வைத்திருந்த காசுகளில் ஒன்றில் ஒரு ஆள் நின்றான். ஒரு கையில் வாள், மறு கையில் அம்புக்கட்டு. பாவமாக இருந்தது. தங்க விலையைக் கொடுத்து வாங்கிவிட்டேன். அதிலிருந்து டச்சுக் காசு வந்தால் ஆசாரி எடுத்து வைப்பார். பல வருஷத்தில் ஏழு சேர்ந்தது.

பசுமலையில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இருக்கிறார். அவரும் காசு சேர்ப்பவர். என் முதல் காசை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இந்த அச்ச நான் புத்தகத்துலதான்யா பாத்திருக்கேன்" என்றார். தன்னிடம் உள்ள நாலு காசைத் தருகிறேன், இதைக் கொடு என்றார். நான் கொடுக்கவில்லை.

என் மனைவி அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. "கழுத்துலயும் போட முடியாது, அடகும் வைக்க மாட்டீக. என்னத்துக்கு இம்புட்டு?" என்பாள். அப்படிப்பட்டவள், பொன் உருக்குவதற்கு முந்தின வாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுல எது ஒசத்தி?"

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அந்த முதல் காசை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத வர்றவளுக்குக் குடுப்பமா?"

"குடுப்போம்."

காசைக் காசாகக் கொடுப்போம் என்று நினைத்தேன். பேச்சு அதோடு முடிந்தது. நான் எப்போதும் அவ்வளவுதான் பேசுவேன்.

இப்போது அது வெற்றிலை மேல் இருந்தது. புளி போட்டு விளக்கியிருந்தாள். நெற்றியில் பொட்டு வைப்பதுபோல் அந்த ஆள் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள்.

ஆசாரி காசை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"அண்ணே, இது நான் ஒங்களுக்குக் குடுத்ததுல்ல?"

"ஆமா."

"போட்டுறவா?"

மகன் என் காதருகே குனிந்தான். "அப்பா, பீரோல இருக்கறத எடுத்துட்டு வரவா?"

மச்சினன் சிரித்தான். "மச்சான் மூஞ்சியப் பாருங்க. மகன் கல்யாணத்துக்கு வந்தவுக மாதிரியா இருக்காக? வேண்டப்பட்டவுகள பஸ் ஏத்தி விட வந்த மாதிரில்ல இருக்காக."

"வாய மூடுடா. நல்ல காரியம் நடக்குது" என்றாள் அவன் அக்கா.

சம்பந்தி ஒன்றும் புரியாமல் என்னையும் தட்டையும் பார்த்தார். மனைவி என்னைப் பார்த்தாள். வீட்டில் இருப்பதிலேயே நல்லதை எடுத்து வைத்தவளின் முகம் அது.

"போடு" என்றேன்.

ஆசாரி காசை மூசையில் போட்டு, வெண்காரப் பொடியைத் தூவி நெருப்பை ஊதினார். முதலில் சந்தனம் கருகியது. பிறகு ஓரம் இளகியது. வாள் போனது. அம்புக்கட்டு போனது. ஆள் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஒரு சொட்டாக உருண்டுவிட்டான்.

"சுத்தப் பொன்னு. தாலி வளைஞ்சிரும்ணே, செம்பு சேக்கணும்" என்றார் ஆசாரி.

"சேத்துக்க."

சம்பந்தி போன பிறகு, சாப்பிடும்போது மச்சினன் போட்டு உடைத்தான். "ஏக்கா, அந்த ஒரு காசுக்கு நாலு காசு தர்றேன்னாராம் பசுமலை வாத்தியார். தெரியுமா?"

சாம்பார் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஏங்க, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"எது ஒசத்தின்னு கேட்ட. சொன்னேன்."

"கேட்டதுக்கு மட்டுந்தான் வாய் தொறப்பீகளா?"

அன்று அவள் சாப்பிடவில்லை. சாயங்காலம் பார்த்தால் என் பெட்டியில் அந்த லட்சுமி காசு இருந்தது. "இதுலயும் ஆளு நிக்கத்தான செய்யிது. வச்சுக்கங்க" என்றாள். தாமரை மேல் லட்சுமி உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லவில்லை. அது இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. டச்சுக் கணக்கில் சேராது.

மருமகள் திருமங்கலத்தில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போது தாலி வெளியே வந்து ஆடும். உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டே, "வாரேன் மாமா" என்பாள். வாசலில் நின்று பார்ப்பேன்.

போன வாரம் அப்படி நிற்கும்போது வாத்தியார் போன் பண்ணினார். காசை உருக்கிய விஷயம் அவருக்கும் தெரியும்.

"டச்சுக் காசு இப்ப எத்தனய்யா இருக்கு?"

தெருமுனையில் அவள் திரும்பும் வரை பார்த்துவிட்டுச் சொன்னேன்.

ஏழு.