ஏரியலில் தொங்கிய வாளை மீன்

நண்பர்களே, வயிறு எரிகிறது. சொல்லித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும்.

வயர்லெஸ்ஸில் பேச லைசென்ஸ் வாங்க ஒன்றரை வருடம் அலைந்தேன். நேற்றுதான் கைக்கு வந்தது. இன்று காலை ராயபுரம் வீட்டில் உட்கார்ந்து, பழைய மிலிட்டரி செட்டில் அரை மணி நேரம் தொண்டை வறளக் கூப்பிட்டேன். பெங்களூரில் நண்பன் காத்திருந்தான். பதிலே இல்லை.

மொட்டை மாடிக்கு ஓடினேன். அங்கே கட்டியிருந்த என் ஏரியல் கம்பி முழுக்க, காயப்போட்ட வாளை மீன்! கனம் தாங்காமல் கம்பி தொய்ந்து சுவரில் கிடந்தது.

பக்கத்து வீட்டு ரோசக்கா இன்னொரு மீனை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது? கவர்மெண்டு பர்மிசன் வாங்கிக் கட்டின கம்பி!"

"பேசத்தானே பர்மிசன் வாங்கினே? பேசு. நான் இன்னா உன் வாயையா கட்டிப் போட்டேன்?"

"இதுல கரண்டு போவுதுக்கா! கை வெச்சா பொசுங்கிடும்!"

அவ்வளவுதான்.

"அடப்பாவி! மீன் காயற கம்பியில கரண்டு வுடறியா? எல்லாரும் வாங்க, இவன் என்னைக் கொல்லப் பாக்கறான்!"

தெருவே கூடியது. லைசென்ஸை நீட்டினேன். ஒருவரும் படிக்கவில்லை. எல்லோரும் அவள் கை பொசுங்கியிருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.

லைசென்ஸும் ஏரியலும் இல்லாமலே அவள் குரல் பெங்களூர் வரை போயிருக்கும். அங்கே யாருக்காவது கேட்டிருந்தால் ஒரு கார்டு போடுங்கள்.