பார்க்காமல் ஊதிய விசில்

சூரியனும் சந்திரனும் யார் முதலில் வருவது என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டால், நடுவில் நின்று தீர்த்துவைக்க வானத்திலிருந்து ஆள் வந்து அழைத்துப் போவது எங்கள் சித்தப்பாவைத்தான். இந்தக் கோல் கம்பத்தடியில் நின்றபடி, அந்தக் கம்பத்தில் ஊரும் எறும்பு ஆஃப்சைடா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் விசிலை வாயில் வைத்தால் காற்று ஓரமாக ஒதுங்கி நிற்கும். உலகக் கோப்பைக்கு அவரைக் கூப்பிடாததற்கு ஒரே காரணம், ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அவருக்குக் கடையில் லீவு கிடையாது என்பதுதான்.

கடை என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை. முன்பக்கம் முதலாளி சிரித்துப் பேசி வியாபாரம் பார்ப்பார். பின்னறையில், ஜன்னலோர மேசையில் குனிந்து, சித்தப்பா லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்காரவைப்பார். அவருடைய கண்ணாடியும் தடிமனானதுதான். ஞாயிற்றுக்கிழமை அதைப் பின்மண்டையில் கறுப்பு எலாஸ்டிக்கால் கட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். ரெஃபரியைத் திட்டாத மைதானம் கிடையாது. ஆனால் திட்டுவதற்கு இவ்வளவு வசதியான ரெஃபரி யாருக்கும் வாய்க்காது. “சார், உங்க கடையிலேயே நல்லதா ஒரு கண்ணாடி பார்த்துப் போடக் கூடாதா?” இதை முதலில் சொன்னவன் யாரோ, இப்போது மூக்கு ஒழுகும் பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. சித்தப்பா அதை ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பவர்போல லேசாகச் சிரித்துவிட்டு ஓடிக்கொண்டிருப்பார்.

வீட்டில் அவர் எதற்கும் தீர்ப்பு சொல்வதில்லை. டிவி ரிமோட்டுக்கு அடிதடி நடந்தால் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுவார். ஊர் வம்பையெல்லாம் விலைக்கு வாங்குகிறவர் வீட்டு வம்பை மட்டும் இனாமாகக் கொடுத்தாலும் தொடமாட்டார் என்பாள் சித்தி, அவருடைய கறுப்பு ரெஃபரி சட்டையை அலசிக்கொண்டே.

மைதானத்தில் அவருக்கு இரண்டு பழக்கங்கள். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கோல் வலைகளையும் கண்ணி கண்ணியாக இழுத்துப் பார்த்து, அறுந்த இடத்தைப் பையிலிருக்கும் பழைய ஷூ லேஸால் முடிச்சுப் போடுவார். மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டார் என்று ஆட்டக்காரர்கள் கேலி செய்வார்கள். இன்னொன்று, தான் பார்க்காததற்கு விசில் ஊதமாட்டார். ஆட்டக்காரன் அலறட்டும், உருளட்டும், பெற்றவளைக் கூப்பிடட்டும். “நான் பார்க்கலப்பா” என்று சொல்லிவிட்டு ஓடுவார். அப்படிச் சொல்ல வெட்கப்படாத ரெஃபரி எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமை லீக்கில் அவர் ஒருவர்தான்.

இந்த இரண்டு பழக்கமும் ஒரே நாளில் கைவிட்டன.

பேக்கரி அணிக்கும் சந்தை அணிக்கும் ஆட்டம். மழை விட்டு, தரை சொதசொதவென்று இருந்தது. முந்தைய ஆட்டம் இழுத்துக்கொண்டே போனதில் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டிய அவசரம். ஒரு பக்கத்து வலையை மட்டும் இழுத்துப் பார்த்தார். மற்றது தூரத்திலிருந்து பார்க்க நன்றாகவே தொங்கியது.

சந்தை அணியின் கோல்கீப்பர், சந்தை வாசலில் சாவி செய்கிற பையன். வேலை சாவி என்றாலும் பட்டப்பெயர் பூட்டு. அவன் நின்றால் கோல் திறக்காது என்று சந்தையே சேர்ந்து வைத்த பெயர். ஒரு குடை விரிக்கிற அளவு இடத்தில் அரத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்கு, சொல்லிக்கொள்ள அந்தப் பெயரை விட்டால் வேறு எதுவும் இல்லை.

இரண்டாம் பாதியில் பேக்கரிக்காரன் ஒருவன் ஓரத்திலிருந்து ஓங்கி அடித்தான். சித்தப்பாவுக்கு முன்னால் இரண்டு முதுகுகள். வலை ஆடியது தெரிந்தது. பந்து உள்ளே கிடந்தது தெரிந்தது. எந்த வழியாக உள்ளே போனது என்பது மட்டும் தெரியவில்லை. கோட்டோரம் கொடி பிடிக்க அணிக்கு ஒருவனைத்தான் நிறுத்துவார்கள். அந்தப் பக்கம் நின்றவன் பேக்கரிக்காரன், கொடியைத் தூக்கி எறிந்துவிட்டு அவனும் குதித்துக்கொண்டிருந்தான். அத்தனை பேர் குதிக்கும்போது கோலாகத்தான் இருக்கும். விசில் ஊதிவிட்டார்.

பூட்டு பாய்ந்து வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். “வெளியிலேர்ந்து வந்துச்சு சார். வலையில ஓட்டை சார். வந்து பாருங்க.”

ஆட்டக்காரன் ரெஃபரியைத் தொடக் கூடாது. சித்தப்பாவின் கண்ணில் பட்டது சட்டையைப் பிடித்த கை மட்டும்தான். எதற்காகப் பிடித்தான் என்பது படவில்லை. சுற்றிலும் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு அட்டையை எடுத்துக் காட்டினார். பூட்டு கையுறைகளைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு வெளியே நடந்தான். ஆட்டம் மறுபடி தொடங்கியது.

சிறிது நேரத்தில் பந்து அந்தப் பக்கம் வந்தது. கூடவே ஓடிய சித்தப்பா பக்கவாட்டு வலையைப் பார்த்தார். ஒரு பந்து தாராளமாக நுழைகிற ஓட்டை. அறுந்த கயிறெல்லாம் உட்பக்கமாக மடிந்து, நுனியில் ஈரச் சேறு.

ஆட்டம் மறுபடி தொடங்காதவரை ரெஃபரி தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம். தொடங்கிவிட்டால் அதோடு சரி. மிச்ச நேரம் முழுவதும், இல்லாத ஒரு கோலைத் தோளில் சுமந்துகொண்டு அவர் ஓடினார். வேறு கோல் விழவில்லை. முடிந்ததும் பேக்கரி கேப்டன் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். “கண்ணுன்னா உங்க கண்ணுதான் சார்.”

இத்தனை வருடத்தில் அந்தக் கண்ணை ஒருவர் புகழ்ந்தது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார். சித்தி இரண்டு தரம் கேட்ட பிறகு நடந்ததைச் சொன்னார். இனி மாற்றுவதற்கு ரூல் இடம் கொடுக்காது என்று முடித்தார்.

“மாத்த வேண்டாம். வாயைத் திறக்கக் கூடாதுன்னும் ரூல் இருக்கா?” என்றாள் சித்தி.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சந்தைக்குப் போனார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவன் சாவிக் குடையைப் பார்த்துக் கூவினான். “டேய் ஓட்டை, தண்ணி பாட்டில் இருந்தா குடுடா.” குடைக்கடியிலிருந்து பாட்டில் நீண்டது. ஒரே ராத்திரியில் பூட்டு ஓட்டையாகியிருந்தான். கோலை விட்டதோடு இல்லாமல் வலையின்மேல் பழி போட்டு, அட்டையும் வாங்கி, அணியையும் தோற்கடித்தவன் என்று சந்தை தீர்ப்பு எழுதி முடித்திருந்தது.

சித்தப்பா குடைக்குமுன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “அது கோல் இல்லப்பா. ஓட்டையை அப்புறமாத்தான் பார்த்தேன்.”

அவன் அரத்தை நிறுத்தவில்லை. சாவிப்பொடியை ஊதிவிட்டு, “எனக்குத்தான் தெரியுமே சார். தெரிஞ்சவன்கிட்டயே வந்து சொல்றீங்க” என்றான்.

லீக் செயலாளரிடம் போனார். இன்று நீங்கள் ஒன்றை ஒத்துக்கொண்டால் நாளை தோற்றவனெல்லாம் ரெஃபரி தப்பை ஒத்துக்கொள்ளட்டும் என்று வரிசையில் நிற்பான் என்றார் செயலாளர். முடிவு மாறப்போவதில்லை, பேசாமல் விடுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு ஆட்டம் கொடுப்பது எனக்குக் கஷ்டம் என்றும் சொன்னார். நல்ல மனிதர்தான், மிரட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் சித்தப்பாவை அதிகமாக யோசிக்க வைத்தது. அந்த வாரம் ஒரு ஃப்ரேமில் வலது லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் மாட்டி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்னொருவருக்கு உலகம் சரியாகத் தெரிய வேண்டும் என்றே அந்த மேசையில் காலம் தள்ளியவர். அந்தக் கறுப்புச் சட்டையும் அந்த விசிலும் போய்விட்டால் அவருக்கு மிஞ்சுவது அந்த மேசை மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு, பேக்கரி ஆட்டம் தொடங்குமுன், மைதானத்தின் நடுவில் போய் நின்று நீளமாக விசில் ஊதினார். அடுத்த ஆட்டத்துக்காக வந்திருந்த சந்தைக்காரர்களையும் கைகாட்டிக் கூப்பிட்டார். பூட்டு தடையில் இருந்ததால் கோட்டுக்கு வெளியே நின்றான்.

“போன வாரம் நான் குடுத்தது கோல் இல்ல. பந்து வலை ஓட்டை வழியா வெளியிலேர்ந்து வந்துச்சு. கீப்பர் சொன்னது நிஜம். வலையைப் பார்க்க வேண்டியது என் வேலை, பார்க்கல. பார்க்காததுக்கு ஊதிட்டேன்.” பிறகு கோட்டுப் பக்கம் திரும்பினார். “ரெஃபரி சட்டையைப் பிடிச்சது தப்பு. அந்தக் கார்டு சரிதான். கோல் தப்பு. அது என்னோடது.”

சொல்லும்போது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. பாறைபோல் நின்றார்.

யாரும் கைதட்டவில்லை. வழக்கமான கண்ணாடிக் கேலி ஒரு மூலையிலிருந்து வந்து, சிரிக்க ஆளில்லாமல் அடங்கியது. பேக்கரி கேப்டன் மட்டும், ஜெயித்ததைத் திருட்டு என்கிறாரா என்று எகிறினான், வாய்க்கு வந்தபடி பேசினான். அன்று மாலை அவன் கேட் பக்கத்தில் நிறுத்தியிருந்த தன் சைக்கிளை வீடுவரை தள்ளிக்கொண்டுதான் போனான், இரண்டு டயரிலும் காற்று இல்லை. யார் செய்த வேலையோ, இதுவரை தெரியவில்லை.

பூட்டு கிட்டே வரவில்லை. போகும்போது தூரத்திலிருந்து ஒருமுறை தலையை அசைத்தான். சந்தையில் பாதிப் பேர் இப்போது அவனைப் பூட்டு என்கிறார்கள். மிச்சப் பேர் பழகிவிட்டதென்று இன்னும் ஓட்டை என்றே கூப்பிடுகிறார்கள். செயலாளர் சொன்னபடியே செய்தார். சித்தப்பாவுக்கு இப்போது கிடைப்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டம். அங்கே வலையே கிடையாது, இரண்டு பக்கமும் குச்சிதான். ஆனாலும் லேஸைப் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறார்.

இவ்வளவையும் எழுதி முடித்த அண்ணன் மகள், கடைப் பின்னறைக்கு எடுத்துப் போய் நீட்டினாள். சித்தப்பா கையைத் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் படித்தார். எறும்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

“குரல் நடுங்கலன்னு எழுதியிருக்க. நீ எங்க இருந்த?”

“அங்கதான் சித்தப்பா. கேட் பக்கத்துல.”

“கேட்டுக்கு நான் பேசுறதே கேட்காது. நடுங்குச்சா இல்லையான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“நடுங்குச்சு. மாத்தி எழுது” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “டயர் யாரு வேலைன்னு தெரியலன்னு போட்டிருக்கியே, அதையும் மாத்திடு. நடுவுல நின்னவனுக்கு கேட் நல்லாவே தெரிஞ்சுது.”