காரைக்குடியில் எது முன்வாசல்? ஒரு சைக்கிள் பாதையும் ஒரு கோலமும்

சைக்கிள் பாதைகள் போடப்படுவதையும், சில மாதங்களில் கார் நிறுத்த இடமில்லை என்று பெயர்த்தெடுக்கப்படுவதையும் பல நகரங்களில் பார்த்து எழுதியிருக்கிறேன். நாற்பது ஆண்டு நிருபர் வேலையில் இந்தச் சண்டை எப்படி முடியும் என்று எனக்கு மனப்பாடம். அதனால், காரைக்குடியில் ஒரு பெரிய கடைத்தெருவின் சைக்கிள் பாதையை எடுப்பது பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நண்பர் சொன்னபோது, செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க ஒரு சாக்கு என்றுதான் கிளம்பினேன். மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் கணிப்பு தப்பியது. அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன்.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.50 பேருந்து. மேலூர், திருப்பத்தூர், குன்றக்குடி வழியாக 8.20க்குக் காரைக்குடி. கட்டணம் 85 ரூபாய். வலப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் கண்ணில் அடிக்கும்.

பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர் என் தோள்பையையும் குறிப்பேட்டையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கூட்டத்துக்கா வந்தீக? பாதையை எடுக்கச் சொல்ற ஆளா, இருக்கட்டும்ங்கிற ஆளா?”

“சும்மா பார்க்க வந்த ஆள்.”

“அப்பச் சரி, எண்பது ரூவா. எடுக்கச் சொல்ற ஆளா இருந்தா எழுபதுக்கு விட்டுருப்பேன்.”

விடுதியில் பையை வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு 150 ரூபாய் என்று வாடகை சைக்கிள் எடுத்தேன். சர்ச்சைக்குரிய பாதை ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம், ஐந்தடி அகலம். பச்சை வண்ணம் பூசி, ஓரத்தில் ரப்பர் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். முழு நீளத்தையும் ஆறரை நிமிடத்தில் மிதித்தேன். இடையில் மூன்று ஸ்கூட்டர்களையும் ஒரு பசுவையும் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் அறுபத்திரண்டு வயதில், ஒரு கடைத்தெருவின் நடுவே பயமில்லாமல் சைக்கிள் ஓட்டியது தனி சந்தோஷம்.

பாதையின் கடைசியில் டீக்கடை. காலை வேலையை முடித்துவிட்டு, அங்கே சைக்கிளை நிறுத்தி நின்றிருந்த நூர்ஜகானை அப்போதுதான் சந்தித்தேன். நாற்பத்தொரு வயது. ஒரு மருத்துவமனை கேண்டீனில் இட்லி ஊற்றுகிறார். அமராவதிபுதூரிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறார், ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

“அஞ்சரைக்கு அடுப்புல தட்டு ஏறணும்ணே. மொத பஸ்ஸப் புடிச்சா நான் வந்து சேர ஆறே காலாயிரும். ஆறே காலுக்கு வர்ற ஆளு எதுக்குன்னு கேக்க மாட்டாகளா?”

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே தெருவில், விடிகாலையில் சரக்கு இறக்க இரண்டு வரிசையாக நின்ற லாரிகளுக்கு நடுவே போனபோது, ஒன்று நகர்ந்து அவர் முழங்கையை உடைத்தது. வேலை போனது. போன வருடம் பாதை வந்த பிறகுதான் வீட்டில் மறுபடி சைக்கிளைத் தொட விட்டார்கள். “பாதை போச்சுன்னா வேலையும் போச்சு. வெளியூர் ரோட்டுல எனக்குப் பயமில்ல. இந்த ஒண்ணேகால் மைலுதான்,” என்றார். கிலோமீட்டர் என்று நான் திருத்தவில்லை.

கூட்டம் பதினொரு மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில். பெண் பொறியாளர் ஒருவர் தலைமை. கடைக்காரர்கள் சார்பில் பேசியவர் சொக்கலிங்கம், பாத்திரக்கடை முதலாளி. நியாயமான மனிதர், குரலை உயர்த்தவில்லை.

“வாரத்துல மூணு நாள் லாரி வருது. கம்பம் நட்டதுல இருந்து அம்பதடி தள்ளி நிறுத்தி, அண்டாவைத் தலையில தூக்கிட்டு வர்றாங்க. இப்படியே போனா லோடுமேன் எவனும் வரமாட்டான்.”

நூர்ஜகான் எழுந்தார். “அண்ணே, ஒங்க கடை இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுலல்ல முடியுது? அங்குட்டு எறக்குனா என்ன?”

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: இங்குள்ள பழைய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அந்தக் கடைத்தெருவில் பாதிக் கடைகள் அப்படிப்பட்ட வீடுகளின் முன்பகுதிதான். பின்தெருவில் லாரி தாராளமாக நிற்கும். இவ்வளவு எளிதான வழியை ஏன் யாரும் சொல்லவில்லை என்று நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே சொக்கலிங்கத்திடமிருந்து பதில் வந்தது.

“சரக்கு பின்வாசல் வழியா வீட்டுக்குள்ள வராதும்மா. அது மகாலட்சுமி. எங்க ஐயா காலத்துல இருந்து முன்வாசல்தான்.”

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைக்காரர்கள் தலையாட்டினார்கள். நூர்ஜகான், “சாமி விசயம்னா நான் பேச மாட்டேண்ணே,” என்று உட்கார்ந்துவிட்டார். பொறியாளர் பேனாவை மூடினார். முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் ஒலிவாங்கியை நோக்கி நடந்தார். சொக்கலிங்கத்தின் மனைவி, வள்ளியம்மை ஆச்சி.

“வாசல்ல கோலம் போடுறது யாரு? நானு. முன்னாடி கடை வச்சதுல இருந்து அங்குட்டு ஷட்டரும் செருப்பும்தான் கெடக்கு. இருபது வருசமா பின்தெரு வாசல்லதான் கோலம் போடுறேன், வெளக்கு வைக்கிறேன். அப்ப லட்சுமி எங்குட்டு வாரா?”

“இதை வீட்டுல சொல்லக் கூடாதா?” என்றார் சொக்கலிங்கம்.

“வீட்டுல இருந்தீகன்னா சொல்லலாம்!”

சிரிப்பில் மண்டபம் அதிர்ந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் நான்கு கடைக்காரர்கள், தங்கள் வீட்டிலும் கோலம் பின்பக்கம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், “என் பின்பாதி தம்பி பாகத்துக்குப் போயிருச்சு. அவன் கதவைத் தொறக்க மாட்டான்,” என்றார். அவரைப் போன்றவர்கள் காலை ஏழிலிருந்து எட்டு வரை முன்னால் இறக்கிக்கொள்ளலாம், மற்றவர்கள் பின்தெருவில், மூன்று மாதம் பார்ப்போம், அதுவரை பாதையில் கைவைக்கப் போவதில்லை என்று பொறியாளர் அறிவித்தார். மணி 12.40. நூர்ஜகான் கைதட்டவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை 4.55க்கே பின்தெருவுக்குப் போய்விட்டேன். லாரி நின்றது. ஓட்டுநர் வண்டியில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். “ஆச்சி கோலம் முடிக்கிற வரைக்கும் கதவத் தொறக்கக் கூடாதாம். ஒம்பது புள்ளின்னாக. எண்ணிப் பார்த்தா இருபத்தொண்ணு!” கோலம் முடிந்து, சூடம் காட்டி, முதல் அண்டா வாசற்படி தாண்டியபோது மணி 5.12. சொக்கலிங்கம் என்னைப் பார்த்துவிட்டார். “எழுதுறீகளா? எழுதுங்க. ஆச்சி சொல்லித்தான் செஞ்சேன்னு மட்டும் எழுதிறாதீக.” மன்னிக்கவும் ஐயா, உண்மை அதுதான்.

அங்கிருந்து முன்தெருவுக்கு ஓடினேன். ஒரு லாரிகூட இல்லை. 5.19க்கு நூர்ஜகான் போனார். நிற்கவில்லை, மணியை மட்டும் இரண்டு முறை அடித்தார்.

மூன்று மாதம் என்பது மூன்று மாதம்தான். பிறகு எடுத்துவிடலாம், தம்பிகள் கதவைத் திறக்காமலே இருக்கலாம். இத்தனை ஊர்களில் இந்தச் சண்டையைக் கேட்டும், கடைக்காரரின் உண்மையான தடை என்ன என்று வீட்டிலிருப்பவர்களிடம் நான் ஒருமுறையும் விசாரித்ததில்லை. இனி விசாரிப்பேன்.

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனிக்குமேல் பகல் வெயிலில் சைக்கிள் வேண்டாம், காலை ஒன்பதுக்குள் முடியுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கும் கொத்தமங்கலம் பெரிய வீடுகளுக்கும் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் வாங்கும்போது பிரேக்கைப் பாருங்கள். பாதையில் நின்று படம் எடுக்காதீர்கள். விடிகாலை 5.19க்கு அங்கே இருந்தால், பின்னால் மணிச் சத்தம் கேட்டதும் இடப்பக்கம் ஒதுங்குங்கள். வருகிறவருக்கு, இட்லித் தட்டு அடுப்பில் ஏறப் பதினோரு நிமிடம்தான் இருக்கிறது.